சுவரோரக் கோடு

தாண்டவராயன் கட்டிய கம்பியில் ஒரு தப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு கம்பெனி கட்டிக்கொண்டிருந்தார்கள். விஜயதசமியன்று திறப்பு விழா என்று முதலாளி நாள் குறித்துவிட்டார். கட்டடம் அவர் நாளுக்கு முடிகிறதா என்று கட்டடத்தை யாரும் கேட்கவில்லை. நானும் என் வீட்டுக்காரர் தாவீதும் மண்ணூரிலிருந்து காலை பஸ் பிடித்து, ஸ்ரீபெரும்புதூரில் மாறி அங்கே போய்ச் சேருவோம். தாவீது கட்டிங் மெஷினைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். பஸ்ஸில் யாராவது அது என்ன என்று கேட்டால் முகம் வெளுத்துவிடும். காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் போலீஸ். சாக்கு மூட்டையோடு போனவர் என்று யாரோ சொல்லி, விசாரணை என்று தாவீதைக் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அடிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த மனுஷன் போன மனுஷன் இல்லை.

அவர் வேலை இதுதான். இறுகிப்போன சிமெண்ட் தரையில் பிளேடால் கோடு போட்டு, கட்டம் போட்டு, பூப் போட்டு அறுப்பது. மெட்ராஸில் ஒரு மார்பிள் கடையில் கற்றுக்கொண்டது. பிளேடு சூடாகாமல் இருக்கவும் தூசி கிளம்பாமல் இருக்கவும் ஒரு ஆள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். அந்த ஆள் நான். அடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு குந்தியபடியே பின்னால் நகர்ந்துகொண்டு போவேன். மெஷின் என் முகத்தைப் பார்த்து வரும். அறுக்கிறவரைவிட அறுபடுகிற இடத்துக்குக் கிட்டே இருப்பது தண்ணீர் ஊற்றுகிறவள்தான். பிளேடு என்னத்தை அறுக்கிறது என்று முதலில் தெரிவதும் அவளுக்குத்தான்.

அந்தக் கம்பெனியில் எங்களுக்கு வந்த வேலை முதல் மாடியில். ஆபீஸின் முன்பக்கச் சுவரே வளைவாக இருக்கும். அந்த வளைவை ஒட்டி, ஐந்தடி அகலத்துக்கு, கீழே ஒரு தூண்கூட இல்லாமல் பிறை மாதிரி ஒரு சிலாப் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவன்று விருந்தாளிகளோடு அதன்மேல் நின்று கையாட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. வெளிநாட்டில் எங்கேயோ இந்த மாதிரி வளைவில் செங்கல் பதித்த ஓரம் பார்த்திருக்கிறார். அதே மாதிரி வேண்டும், ஆனால் செங்கல் பதித்தால் கனம் கூடும், அதனால் செங்கல் மாதிரி கோடு அறுத்துச் சாயம் போடு என்றார்கள்.

வளைவில் செங்கல் அறுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நேர்ச்சுவரில் செங்கல் செங்கலாக இருக்கும். வளைவில் ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் விரிந்து உட்பக்கம் குறுக வேண்டும். தாவீது ஹாலுக்குள்ளே வளைவின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து ஆணி அடித்தார். அதில் நைலான் கயிறு கட்டி, சுவரில் தரை வரை விட்டிருந்த வாசல் ஜன்னல் இடைவெளிகள் வழியாக வெளியே இழுத்து, சாக்பீஸால் வளைகோடு போட்டார். பிறகு அதே கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் குறுக்குக்கோடு. எல்லாக் குறுக்குக்கோடும் அந்த ஆணியைப் பார்த்து நிற்கும். சாக்பீஸ் கோட்டைப் பார்க்கும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. என் புருஷனுக்குக் கோபம் வரும், பயம் வரும், கோடு மட்டும் கோணலாக வராது.

அந்தச் சிலாப்புக்குக் கம்பி கட்டியவர்தான் தாண்டவராயன். சேரப்பணஞ்சேரிக்காரர். ஐம்பதை நெருங்கின ஆள். வாயில் எப்போதும் வெற்றிலை, வாயைத் திறந்தால் வசவு. எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கான்கிரீட் போட்ட அன்று எங்களுக்கு மெஷின் வேலை இல்லாததால் நானும் சித்தாளாகப் போயிருந்தேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறபோது பலகையை விட்டுக் கம்பிமேல் ஒரு கால் வைத்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் கத்தினார்.

"ஏம்மா, கண்ணு இன்னா பொடனிலயா கீது? இதுக்குக் கீழ தூண் கீதா? அடில கீற முட்டுக்கட்டய எடுத்தா தாங்கறதுக்கு ஒண்ணியும் கெடையாது. மேல கீற கம்பிதான் செவுத்துலேர்ந்து இஸ்து புடிச்சிகினு நிக்கணும். நீ அத மிதிச்சிக் கீழ எறக்கினா சிலாப்பும் கீழதான் எறங்கும்."

மற்ற சைட்டில் எல்லாம் எல்லோரும் கம்பிமேல்தான் நடப்பார்கள். மேல்கம்பி மிதிபட்டு மிதிபட்டு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறங்கிவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவர் மட்டும் கம்பியை வளைத்து முக்காலி மாதிரி செய்து மேல்கம்பிக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நடக்கப் பலகை போட்டு, கான்கிரீட் முடிகிறவரைக்கும் வெயிலில் நின்று காவல் காத்தார். மேல்கம்பி மேலேயே நின்றது. சிலாப்பின் மேல்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே, வைத்த இடத்தில், வைத்தபடி.

அவர் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தூண் இல்லாமல் நீட்டுகிற சிலாப் என்றால், கான்கிரீட் இறுகும்வரை அடியில் நிறுத்திவைக்கிற முட்டுக்கட்டைகளில் கடைசியானதை எடுக்கும்போது கம்பி கட்டினவர் அடியில் போய் நிற்க வேண்டும். நின்று மேலே பார்க்கக் கூடாது. பார்த்தால் தன் வேலையில் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம். பதினெட்டு வருஷமாக அப்படி நின்று வெற்றிலை மென்றுகொண்டே வெளியே வந்தவர் தாண்டவராயன். இது அந்த சைட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வெளியோரத்து வேலை இரண்டு நாளில் முடிந்தது. அரை அங்குலத்துக்கும் குறைவான ஆழம்தான். கல்லுக்குச் செங்காவிச் சாயம், கோட்டுக்குள் வெள்ளை சிமெண்ட். தூரத்திலிருந்து பார்த்தால் பதித்த செங்கல் தோற்றுப்போகும். முதலாளி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இதே மாதிரி உட்பக்கத்தில் சுவரை ஒட்டியும் ஒரு வரிசை போட்டால் ஜரிகை வைத்த வேட்டி மாதிரி இரண்டு பக்கமும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சுவரோரம் முழுக்க நிழல். முதல் இரண்டு முழத்துக்கு அறுத்துப் பார்த்தோம், கோடு கண்ணுக்கே தெரியவில்லை. சூப்பர்வைசர் பரசுராமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். கெட்டவர் இல்லை. எல்லோரையும் வாங்க போங்க என்று பேசுகிற ஆள். மெட்ராஸிலிருந்து இன்ஜினீயர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார், மீதி நாளெல்லாம் இவர் சொன்னதுதான் சட்டம். ஒரு அங்குலம் ஆழமாகப் போடுங்கள், அப்போதுதான் வெள்ளை எடுப்பாகத் தெரியும் என்றார். கம்பி படுமே என்று தாவீது கேட்டார். கேட்டார் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குப் பரசுராமன் சிரித்தார். எந்த சைட்டில்தான் மேல்கம்பி மேலே இருக்கிறது, எல்லாம் மிதிபட்டு இரண்டு அங்குலம் உள்ளே போயிருக்கும், பயப்படாமல் போடுங்கள் என்றார். அவர் பார்த்த சைட் எல்லாம் அப்படி. இந்த சைட்டில் கம்பி கட்டினவர் வேறு ஆள் என்பதை அவர் யோசிக்கவில்லை. தாவீதும் யோசிக்கவில்லை. பலகையை விட்டுக் கம்பியை மிதித்துத் திட்டு வாங்கின நானும் அந்த நிமிஷத்தில் யோசிக்கவில்லை.

முதல் பொறி வந்தபோது தாவீது மெஷினைத் தூக்கவில்லை. சிலாப் அறுத்தால் எங்காவது ஒரு பொறி வரும். கம்பிக்குக் கம்பி முடிச்சுப் போடுகிற மெல்லிய கட்டுக்கம்பியின் நுனி மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் பட்டால் சின்னதாக ஒரு பொறி. அது எங்களுக்குப் பழகினது. ஆனால் இந்தப் பொறி நின்று எரிந்தது. மெஷின் ஒரு தரம் முக்கியது. பிறகு மறுபடி சிமெண்ட். பிறகு மறுபடி பொறி, மறுபடி முக்கல். நான்காவது தரம் வந்தபோது நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அறுத்த கோட்டில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே சரியாக அந்த அளவு. அதற்கடுத்ததற்கும் அதே அளவு. கட்டுக்கம்பி நுனி இப்படி அளந்து வைத்த மாதிரி வருமா? கோட்டுக்குள் விரலைவிட்டுத் தடவினேன். இரண்டு பக்கமும் வழவழவென்று இரும்பு. தண்ணீரோடு ஓடிவந்த சேற்றில் மினுமினுவென்று இரும்புத் தூள்.

"யோவ், நிறுத்துய்யா. இது கட்டுக்கம்பி இல்ல. மெயின் கம்பி."

தாவீது மெஷினை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். தானும் கோட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பரசுராமன் அப்போது கீழே லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். நாலைந்து கம்பிதான் அறுந்திருந்தது. முப்பதடி வளைவில் அறுபது கம்பி. நாலைந்து போனால் சிலாப் நின்றிருக்கும் என்று பிற்பாடு ஒரு மேஸ்திரி எனக்குச் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த எண்ணிக்கை என்னை விட்டுப் போகவில்லை.

தாவீது எழுந்து நின்று பீடி பற்றவைத்தார், பாதியில் போட்டு மிதித்தார். "கட்டுக்கம்பிதான். நீ தண்ணிய ஊத்து" என்றார்.

நான் ஊற்றினேன். அதுதான் என் பங்கு. ஒரு பொறியில் நிறுத்தியிருக்கலாம், அடுத்த பொறியில் நிறுத்தியிருக்கலாம். டப்பாவை விசிறி எறிந்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அறுபது தரம் பொறி வந்தது, அறுபது தரமும் நான் தண்ணீர் ஊற்றினேன்.

சாப்பாட்டு வேளையில் சண்டை போட்டேன். தாண்டவராயனிடம் போய்ச் சொல்லிவிடலாம், பின்பக்க ஷெட்டில்தானே இருக்கிறார், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், உடைத்து மறுபடி போடுவார்களோ, கீழே தூண் கொடுப்பார்களோ என்றேன். தாவீது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"சொன்னா யார புடிப்பானுங்க? மிசின் புடிச்சவனத்தான் புடிப்பானுங்க. அவுரு அறுக்கச் சொன்னாருன்னு பரசுராமன் ஒத்துக்குவாரா? தொறப்பு விழா நேரத்துல நாச வேல பண்ணிட்டான்னு எழுதினான்னா? ஏற்கெனவே என் பேரு அங்க ஒரு நோட்டுல கீது செல்லா. இன்னொரு தபா அந்த பெஞ்சில போயி என்னால குந்த முடியாது."

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கெஞ்சினதில்லை. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று என் அம்மா சொல்வாள், அதை நினைத்துக்கொண்டேன். நமக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய பழமொழி வாயில் வந்து நிற்கும். வெள்ளை சிமெண்ட் இறுகினால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும் என்று தாவீது சொன்னார். சிமெண்ட் கம்பியாகாது என்று எனக்குத் தெரியும். சரி என்றேன்.

சாயம் போட்டு, கோட்டில் வெள்ளையைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து முடித்தோம். என்ன அழகு என்கிறீர்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன், அந்த வேலையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

முட்டு எடுக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் நான் பேசியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டி போட்டு ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாத ஆளிடம் அல்லவா சொல்ல வேண்டும்? மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பரசுராமனிடம் போய், அறுக்கும்போது கம்பி பட்டதுங்க என்று மட்டும் சொன்னேன். எந்தக் கம்பி, எத்தனை, எந்த அளவுக்கு என்று சொல்லவில்லை. அவர் தாவீது சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். கட்டுக்கம்பிம்மா, எல்லா சிலாப்பிலும் படும். தாவீதுதான் அவரிடம் முன்பே அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு நெஞ்சு லேசானது. ஒரே பொய்யை இரண்டு பேர் சொன்னால் பாதி நம்பலாம் போலத் தோன்றிவிடுகிறது. நான் அந்தப் பதிலைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

முட்டு எடுக்கிற அன்று காலையில் தாவீது பின்பக்க ஷெட்டில் தரை அறுக்கப் போய்விட்டார். மெஷின் சத்தம் அங்கிருந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைக் கழற்றின பலகையில் ஆணி பிடுங்க உட்கார வைத்திருந்தார்கள். சென்ட்ரிங் மேஸ்திரி ராஜாமணி ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் சூடம் ஏற்றிச் சுற்றிவிட்டு, வேலையை ஆரம்பித்தார். பதினாலு சவுக்கு முட்டு. அவர் சம்மட்டியால் அடியில் தட்டித் தளர்த்த, இரண்டு பேர் கயிறு போட்டு வெளியே இழுத்தார்கள். ஒன்று போனது. இரண்டு போனது. சிலாப் நின்றது. ஐந்து, ஆறு. நின்றது. கட்டுக்கம்பிதானோ என்று நினைத்தேன். நானே தப்பாகத் தடவிப் பார்த்தேனோ, எட்டு நாளாக வீணாகச் செத்தேனோ என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

இரண்டு முட்டு மிச்சம் இருந்தபோது ராஜாமணி குரல் கொடுத்தார். தாண்டவராயன் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் புதிதாக ஒன்று மடித்துப் போட்டுக்கொண்டார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு சிலாப்புக்கு அடியில் போய், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் எழுந்தேன். மடியிலிருந்த ஆணியெல்லாம் சிதறியது. ஓடினேன். அங்கே போய் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. கம்பி அறுந்திருக்கு அண்ணா. அதைச் சொன்னால் அவர் வந்துவிடுவார், அவருக்குத்தான் அந்த வரியின் அர்த்தம் அங்கே எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. ஷெட்டிலிருந்து மெஷின் சத்தமும் வந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அண்ணா, ஒங்கள சூப்பர்வைசர் கூப்பிடறாரு. ஷெட்டாண்ட. ஒடனே வரணுமாம்."

வரேன்னு சொல்லும்மா, இன்னும் ரெண்டு முட்டுதான் என்றார். நான் போகவில்லை. அவசரமாம்ணா, இப்பவே வரச்சொன்னாரு என்று மறுபடி சொன்னேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்பார்களே, அதைத்தான் செய்தேன். ஆளையும் காப்பாற்ற வேண்டும், புருஷன் பேரும் வெளியே வரக் கூடாது. அவர் என்னைப் பார்த்தார். கான்கிரீட் போட்ட நாளுக்குப் பிறகு நான் அவரோடு பேசியதே இல்லை. பழைய கோபம் போய்விட்டது என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்தார். வெற்றிலைச் சிவப்போடு ஒரு சிரிப்பு.

"நீ தள்ளிப் போம்மா. தலைல கட்ட கிட்ட வுந்துரப் போவுது."

நான் தள்ளிப் போனேன். அவர் சொன்னதைக் கேட்டு நாலடி பின்னால் வந்தேன். ராஜாமணி ஒன்றை எடுத்துவிட்டு, கடைசி முட்டுக்கட்டையைத் தட்டித் தளர்த்திவிட்டு வெளியே வந்தார். கயிறு இழுத்தவர்கள் இழுத்தார்கள். பெரிய சத்தம் வரும் என்று நினைப்பீர்கள். முதலில் துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான், பிறகு தரை ஒரு தரம் குதித்தது. தூசி அடங்கினபோது அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை. அவர் மேலே பார்க்கவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சிலாப் ஒட்டுமொத்தமாக, நாங்கள் போட்ட வெள்ளைக்கோடு வழியாகவே முறிந்திருந்தது. சுவர்ப்பக்கம் வரிசையாக அறுபது கம்பி நுனி, அரம் போட்டுத் தேய்த்த மாதிரி பளபளவென்று. பரசுராமன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம். ஷெட்டில் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

மத்தியானத்துக்குள் காஸ் கட்டர் வைத்து அந்தக் கம்பி நுனிகளைச் சுவரோடு சுவராக அறுத்துவிட்டார்கள். ஆட்கள் தலையில் குத்திவிடும், ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். விழுந்த துண்டுகளைச் சம்மட்டியால் உடைத்துப் பள்ளம் தூர்க்கக் கொண்டுபோனார்கள். இன்ஜினீயர் வந்தார், போலீஸ்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். தாவீதை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. கடைசியில் வந்த தீர்ப்பு இது: மேல்கம்பி மிதிபட்டு உள்ளே இறங்கிவிட்டது, கம்பி கட்டியவரின் கவனக்குறைவு. எந்தத் தப்பை அவர் மட்டும் செய்யமாட்டாரோ, அந்தத் தப்பை அவர் பேரிலேயே எழுதினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை.

தாவீது அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மெஷினை விற்கவில்லை, தொடவும் இல்லை. குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டேன், தலை வாரிவிட்டேன், மூன்றாம் நாள் வேறு சைட்டுக்குச் சட்டி தூக்கப் போனேன். என்னைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பசித்தது, சாப்பிட்டேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் முனியம்மாள் வந்தாள். தாண்டவராயனின் மனைவி. சேரப்பணஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மண்ணூரில் நாலு பேரை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தாள். நான் சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தபோது பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. தாவீது உள்ளே இருந்தார். நடுவில் இருந்தது ஒரு சேலைத் திரைதான். முனியம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். நீதான் அவரைக் கடைசியாகக் கூப்பிட்டாய் என்று ராஜாமணி சொன்னார், யார் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்று கேட்டாள்.

சூப்பர்வைசர்தான்க்கா என்றேன்.

அவரைக் கேட்டேன், நான் கூப்பிடவே இல்லை என்கிறாரே என்றாள். பயந்துகொண்டு அப்படிச் சொல்கிறார் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவள் தலையாட்டினாள். பரசுராமன் பொய் சொல்லக்கூடிய ஆள், நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகுதான் எதற்காக அவ்வளவு தூரம் வந்தாளோ அதைக் கேட்டாள்.

"அவரு கட்னதுல தப்புன்னு எழுதிட்டாங்க. பதினெட்டு வருசமா கம்பி கட்னவரும்மா. தூக்கத்துலகூட கம்பி கணக்குதான் சொல்வாரு. நீ அந்த சிலாப்பு மேலயே ஒக்காந்து வேல செஞ்சவ. நீ சொல்லு, நான் நம்பறேன். தப்பாவா கட்டினாரு?"

அவளுக்கு வேண்டியது ஒரு வார்த்தைதான். போலீஸுக்குச் சொல்ல அல்ல, கோர்ட்டுக்குச் சொல்ல அல்ல. அவள் மனசுக்குள் வைத்துக்கொள்ள ஒரு வார்த்தை. சரியாகத்தான் கட்டினார் என்று சொன்னால், பிறகு ஏன் விழுந்தது என்று அடுத்து கேட்பாள்.

"எனக்கு இன்னாக்கா தெரியும்? நான் தண்ணி ஊத்தறவ."

முனியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எதுவோ மெல்ல இறங்கிப்போனது. அது இறங்குகிறவரைக்கும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "தப்பாத்தான் கட்டிட்டாரு போல" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உழைத்துக் காய்த்துப்போன கை.

"நீ ரெண்டு தபா கூப்ட்டியாமே. அவருதான் கேக்கல, புடிவாதக்காரரு. நீ நல்லா இருப்ப. ஒன் புருசன் புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கணும்."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்பதால் ரோடு வரைக்கும் கூடப் போய், பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.